5:46க்குப் பிறகு – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம்.

அடுத்த மாதம் வேலை விஷயமாக ஒசாகா போகிறேன். மனைவியும் பன்னிரண்டு வயது மகளும் உடன் வருகிறார்கள். எனக்கு ஒரே ஒரு நாள்தான் ஓய்வு. அந்த நாளை, 1995 நிலநடுக்கத்தின் நினைவாகக் கோபேயில் இருக்கும் அருங்காட்சியகத்தில் செலவிடலாம் என்று நினைக்கிறேன். ஏற்கெனவே போய்வந்த நண்பரிடம் கேட்டேன். "மொதல்ல ஒரு படம் போடுவாங்க, காது கிழியும், கொழந்தை பயந்துடும். அப்புறம் மாடி மாடியா பழைய சாமான். ஒரு மணி நேரத்துல பாத்துட்டு வெளிய வந்துடலாம்" என்றார்.

எனக்கு மூன்று சந்தேகங்கள். அவர் சொல்வது சரியா, அல்லது பார்க்க வேண்டிய முறை என்று ஒன்று உண்டா? அங்கே உயிர்பிழைத்தவர்களே உட்கார்ந்து பேசுவார்களாமே, அவர்களிடம் என்ன கேட்பது? ஆறிய புண்ணைக் கீறுவது போல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கடைசியாக, அடுத்தவர் துயரத்தைச் சீட்டு வாங்கிப் பார்க்கப் போவதே சரிதானா?

– எம். எஸ்.

அன்புள்ள எம். எஸ்.,

உங்கள் நண்பர் பொய் சொல்லவில்லை. கட்டடம் இழுத்துப் போகிற வரிசையில், கூட்டத்தோடு கூட்டமாக நடந்தால் பெரும்பாலோருக்கு அவ்வளவுதான் கிடைக்கும். அது ஏன் என்று பார்த்துவிட்டால் உங்கள் மற்ற கேள்விகளுக்கும் பாதி பதில் வந்துவிடும்.

அந்த மையத்தின் ஜப்பானியப் பெயரைத் தமிழில் சொன்னால் 'மனிதரும் பேரிடர்த் தடுப்பும் – எதிர்கால மையம்' என்று வரும். 2002 ஏப்ரலில் திறந்தார்கள். மேற்கு, கிழக்கு என்று இரண்டு கட்டடங்கள். நீங்கள் போக வேண்டியது முதலில் மேற்குக் கட்டடம். சீட்டு வாங்கியதும் மின்தூக்கியில் நேராக நான்காம் தளத்துக்கு ஏற்றிவிடுவார்கள். அங்கிருந்து ஒவ்வொரு தளமாக இறங்கி வர வேண்டும். நான்காம் தளத்தில் முதலில் திரையரங்கம். சுமார் ஏழு நிமிடம். 1995 ஜனவரி 17 அதிகாலை 5:46க்கு நகரம் எப்படி உடைந்தது என்பதைச் செயற்கையாக உருவாக்கிய காட்சிகளாலும் ஒளியாலும் பேரொலியாலும் காட்டுகிறார்கள். அரங்கை விட்டு வெளியே வந்தால் இடிந்த தெரு ஒன்று ஆள் உயரத்தில் அமைக்கப்பட்டிருக்கும். அதைக் கடந்தால் நகரம் மீண்டு எழுந்ததைப் பற்றி இன்னொரு படம். அதற்கும் பிறகுதான் மூன்றாம் தளம். மக்கள் கொடுத்த பொருள்களும் நினைவுகளும் அங்கேதான் இருக்கின்றன.

பிசகு இந்த வரிசையில்தான். ஏழு நிமிடம் காதும் கண்ணும் அதிர்ந்தவருக்கு, அடுத்த அரை மணி நேரத்துக்கு ஒரு மண்பானையோ கையால் எழுதிய சீட்டோ கண்ணில் படாது. மனம் அடுத்த அதிர்ச்சிக்குக் காத்திருக்கும். மூன்றாம் தளத்தில் அதிர்ச்சி எதுவும் கிடையாது. அமைதியான கண்ணாடிப் பெட்டிகள். அதனால்தான் உங்கள் நண்பருக்கு அது 'பழைய சாமான்'. திரையரங்கத்தை விட்டு வந்ததும் பத்து நிமிடமாவது எங்காவது உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள், பிறகு கீழே இறங்குங்கள். எளிய காரியம்தான். யாரும் செய்வதில்லை.

மகளைப் பற்றி: பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் பலர் அந்தப் படத்தைத் தாங்கிக்கொள்வார்கள். ஆனால் பெருஞ்சத்தத்துக்கு அஞ்சும் குழந்தை என்றால் நுழைவிலேயே ஊழியரிடம் சொல்லிவிடுங்கள், அதைத் தவிர்த்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போகலாம். அதைப் பார்க்காததால் அவளுக்குப் பெரிய இழப்பு எதுவும் இல்லை என்பதே என் எண்ணம். அந்த அரங்கம் காட்டுவது நிலநடுக்கத்தின் மிகச் சிறிய பகுதியை. கோபேயில் பலத்த குலுக்கல் நீடித்தது ஏறக்குறைய இருபது விநாடிக்குள். உயிர்பிழைத்தவர்களிடம் பேசினால் அந்த இருபது விநாடியைப் பற்றி இரண்டு வாக்கியத்துக்கு மேல் சொல்ல மாட்டார்கள். "கீழிருந்து தூக்கி அடித்தது. எழ முடியவில்லை." அதன் பிறகு வந்த மணி நேரங்கள், நாள்கள், ஆண்டுகள் பற்றித்தான் அவர்களிடம் பேச்சு இருக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே சேகரிக்கப்பட்டிருப்பது பிழைத்தவர்களின் நினைவு. இறந்தவர்களுக்கு நினைவு கிடையாது. கேட்டால் இது அற்பமாகத் தோன்றும். ஆனால் அருங்காட்சியகத்தில் நாம் எதைக் கற்றுக்கொண்டு வெளியே வருகிறோம் என்பதையே இது மாற்றிவிடுகிறது.

கோபேயில் பிழைத்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது அண்டை வீட்டுக்காரர்களைப் பற்றி. இடிபாடுகளில் சிக்கி, பிறர் உதவியால் மட்டுமே வெளியே வர முடிந்தவர்கள் ஏறக்குறைய 35,000 பேர் என்றும், அவர்களில் 27,000 பேரை, அதாவது நான்கில் மூன்று பங்குக்கும் மேலானவர்களை, அக்கம்பக்கத்தார்தான் மீட்டார்கள் என்றும் ஒரு மதிப்பீடு உண்டு. கடப்பாரையும் ரம்பமும் கார் தூக்கும் ஜாக்கியும்தான் கருவிகள். அது குளிர்காலம், சூரியன் எழ இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. இந்த நினைவுகள் உண்மையானவை, மேன்மையானவை. இவற்றைக் கேட்டுவிட்டு வெளியே வருபவர், "பேரிடரில் காப்பாற்றுவது அண்டை வீட்டார்தான்" என்று முடிவு செய்துகொள்வார்.

இறந்தவர்களின் பக்கத்தைப் பாருங்கள். மொத்தம் 6,434 பேர். இதில் 900க்கும் அதிகமானோர் குலுக்கலில் சாகவில்லை. முகாமில் நிமோனியா, நின்றுபோன சிகிச்சை என்று பின்னால் இறந்து, 'தொடர்புடைய மரணம்' எனக் கணக்கில் சேர்க்கப்பட்டவர்கள். நேரடியாக இறந்தவர்களில் ஐந்தில் நான்கு பேர் வீடும் அலமாரியும் மேலே விழுந்து நசுங்கியோ மூச்சுத் திணறியோ இறந்தார்கள். கோபே நகரில் பிணப் பரிசோதனை செய்த மருத்துவர்களின் கணக்குப்படி, அவர்களில் மிகப் பெரும்பாலோர் முதல் கால் மணி நேரத்துக்குள் இறந்துவிட்டார்கள். கடப்பாரையோடு யார் ஓடி வந்திருந்தாலும் எட்டியிருக்க முடியாது. அவர்களுக்கு வாய் இருந்தால் அண்டை வீட்டாரைப் பற்றிப் பேச மாட்டார்கள். கூரையைப் பற்றிப் பேசுவார்கள். பழைய மர வீடுகளின் மேலே களிமண் பரப்பி, அதன்மேல் கனத்த ஓடு அடுக்கியிருந்தார்கள். சுவர்களில் குறுக்குச் சட்டங்கள் போதவில்லை. அடிமரத்தை ஈரமும் கறையானும் தின்றிருந்தன. ஜப்பானில் கட்டட விதிகள் 1981இல் கடுமையாக்கப்பட்டன. விழுந்த வீடுகளில் பெரும்பாலானவை அதற்கு முன்னால் கட்டியவை. மேல் தளம் அப்படியே உட்கார, கீழ்த் தளம் இல்லாமல் போயிற்று. கீழ்த் தளத்தில் உறங்கியவர்களில் வயதானவர்கள் அதிகம்.

ஆகவே மூன்றாம் தளத்தில் ஒவ்வொரு பொருளின் முன்னும் நின்று, இதைச் சொல்லப் பிழைத்தவர் இருந்ததால் இது இங்கே வந்திருக்கிறது என்று ஒரு முறை நினைத்துக்கொள்ளுங்கள். சொல்ல ஆளில்லாத பக்கத்தை எண்களிலும் வீட்டு மாதிரிகளிலும்தான் தேட வேண்டும். இரண்டாம் தளத்தில் கட்டடம் எப்படி ஆடும், மண் எப்படிக் குழம்பாகும் என்று காட்டும் சோதனைகள் இருக்கின்றன. பலரும் அதைப் பிள்ளைகளுக்கான விளையாட்டு என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இறந்தவர்களின் தரப்பு அங்கேதான் இருக்கிறது. உங்கள் மகளுக்கும் அதிகம் பிடிக்கப்போவது அந்தத் தளமாகத்தான் இருக்கும்.

இனி பொருள்கள். மக்கள் கொடுத்தவை ஏறக்குறைய இரண்டு லட்சம். காட்சிக்கு இருப்பவை சில நூறுதான். மற்றவை காப்பகத்தில். எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். மூன்றை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றின் முன்னும் ஐந்து நிமிடம் நில்லுங்கள்.

ஒன்று, நின்றுபோன கடிகாரம். இவ்வகை அருங்காட்சியகங்களில் இது இல்லாத இடமே கிடையாது. அதனாலேயே யாரும் சரியாகப் பார்ப்பதில்லை. கோபேயின் கடிகாரங்கள் குலுங்கிய கணத்தில் நின்றவை. சுவரிலிருந்து விழுந்து மின்கலம் கழன்றிருக்கும், அல்லது ஊசல் தடுக்கியிருக்கும், அல்லது மின்சாரம் போயிருக்கும். முள் காட்டுவது பேரிடர் தொடங்கிய நேரத்தை. அதுவே பெரும்பாலோர் சாவின் நேரமும்கூட. இரண்டுக்கும் நடுவே முடிவெடுக்க ஒரு நிமிடம்கூட இருக்கவில்லை. செய்ய வேண்டியதெல்லாம் அதற்கு முந்தைய ஆண்டுகளில் இருந்தது. அலமாரியைச் சுவரோடு இறுக்குவது, சுவருக்குக் குறுக்குச் சட்டம் அடிப்பது, கூரையின் பாரத்தைக் குறைப்பது.

இதை வடகிழக்கு ஜப்பானின் கடிகாரம் ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 2011 மார்ச் 11 நிலநடுக்கம் பிற்பகல் 2:46க்கு வந்தது. இஷினோமாகியின் ஓகாவா தொடக்கப் பள்ளிக் கடிகாரம் நின்றது 3:37க்கு. அது சுனாமி நீர் வந்த நேரம். நடுவில் 51 நிமிடம். அந்த நேரத்தின் பெரும்பகுதியில் பிள்ளைகளும் ஆசிரியர்களும் விளையாட்டுத் திடலில் நின்றுகொண்டிருந்தார்கள். பள்ளிக்குப் பின்னாலேயே குன்று. பிள்ளைகள் பாடத்தின் ஒரு பகுதியாகக் காளான் வளர்க்க ஏறிப் பழகிய சரிவு. கடைசியில் அவர்கள் நடக்கத் தொடங்கியது ஆற்றுப் பாலத்தருகே சற்று மேடான ஓர் இடத்தை நோக்கி. அங்கே இருந்த 78 பிள்ளைகளில் 74 பேரும், 11 ஆசிரியர்களில் 10 பேரும் இறந்தோ காணாமலோ போனார்கள். பள்ளி இருந்தது ஆறு கடலில் கலக்கும் இடத்திலிருந்து சுமார் 3.7 கிலோமீட்டர் உள்ளே, சுனாமி எட்டாத பகுதி என்று வரைபடம் சொன்ன இடத்தில். பள்ளியின் பேரிடர்க் கையேட்டில் சுனாமி வந்தால் போக வேண்டிய இடம் 'அருகிலுள்ள காலி நிலம், பூங்கா முதலியவை' என்ற அளவில் இருந்தது. எந்த நிலம், எந்தப் பூங்கா என்று இல்லை. 2018இல் செண்டாய் உயர் நீதிமன்றம் குற்றம் கண்டது இந்த முன்தயாரிப்பின் குறையில்தான். அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் அது உறுதியானது. பள்ளியின் எஞ்சிய பகுதி 2021இலிருந்து முறைப்படி பார்வைக்குத் திறந்திருக்கிறது. பிள்ளைகளை இழந்த பெற்றோரே அங்கே வருவோரை அழைத்துப் போய்க் காட்டுகிறார்கள். குன்றின் சரிவில் வருவோரை ஏறவும் சொல்கிறார்கள். ஒரு நிமிடச் சொச்சத்தில் ஏறிவிடுகிறார்கள்.

கோபேயில் ஒரு நாள்தான் இருக்கப்போகிற உங்களிடம் ஓகாவாவைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம், எந்த நினைவு அருங்காட்சியகத்தில் நுழைந்தாலும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்: இது எந்த நேரத்தைப் பற்றிய இடம்? முந்தைய ஆண்டுகளா, நடுவிலிருந்த நிமிடங்களா, பிந்தைய ஆண்டுகளா? ஓகாவா 51 நிமிடங்களைப் பற்றியது. கோபே முன்னும் பின்னும் இருந்த ஆண்டுகளைப் பற்றியது, என்னதான் திரையரங்கம் இருபது விநாடியை ஊதிப் பெரிதாக்கினாலும்.

இரண்டாவது பொருள், தாள். இடிந்த வீட்டின் கதவிலும் பலகையிலும் ஒட்டிவைத்துப் போன சீட்டுகள்: எல்லோரும் நலம், இந்தப் பள்ளியில் இருக்கிறோம். முகாம் சுவரில் ஒட்டிய அறிவிப்புகள்: தண்ணீர் வண்டி எத்தனை மணிக்கு, யாரை யார் தேடுகிறார்கள். கைப்பேசி அரிதாயிருந்த காலம் அது. ஜப்பானிய மொழி தெரியாவிட்டாலும் ஒன்றைப் பார்க்கலாம். எழுத்தின் பருமன். அவசரத்தில் எழுதியது எது, தூரத்திலிருந்து படிக்கட்டும் என்று தடித்த பேனாவால் மேலும் மேலும் அழுத்தி எழுதியது எது என்பது தெரியும். ஒட்டிய நாடாவின் கறை மூலைகளில் பழுப்பேறி இருக்கும். இந்தத் தாள்களை அன்று யாரும் நினைவுச் சின்னமாக எழுதவில்லை. அதனால்தான் இவற்றின் சாட்சியம் வலுவானது. பின்னால் சொல்லப்படும் நினைவு சொல்லச் சொல்ல மெருகேறும். தாள் அன்று எழுதியபடியே இருக்கும்.

மூன்றாவதாகத் தண்ணீர்க் குடத்தையோ வாளியையோ எடுத்துக்கொள்ளலாம். மின்சாரம் ஏறக்குறைய ஆறு நாளில் திரும்பியது. எரிவாயு ஏப்ரல் 11 வரை ஆயிற்று, குழாய்த் தண்ணீர் ஏப்ரல் 17 வரை. மூன்று மாதம். ஒரு குடும்பம் குளிக்க, கழுவ, கழிப்பறைக்கு ஊற்ற எத்தனை நடை நடந்திருக்கும் என்று மகளைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். முதலில் திரும்பியது என்று மின்சாரத்துக்கு நல்ல பெயர் கொடுக்கவும் முடியாது. கவிழ்ந்து கிடந்த சூடேற்றிகளும் நைந்த கம்பிகளும் இணைப்பிலேயே இருந்தன. ஆள் இல்லாத வீட்டில் மின்சாரம் வந்ததும் தீப்பிடித்தது. காரணம் தெரிந்த தீவிபத்துகளில் பாதிக்கு மேல் மின்சாரம் தொடர்பானவை. தரைக்கடியில் குழாய்கள் உடைந்ததால் தீயணைப்புக் குழாய்களில் தண்ணீர் இல்லை. நகாதா வட்டாரம் எரிந்தது அப்படித்தான். வீட்டை விட்டு ஓடும்போது மின்சாரப் பிரதான விசையை அணைக்க வேண்டும் என்று இன்று ஜப்பானில் குழந்தைகளுக்கும் சொல்லித் தருகிறார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பேசுபவர்களைக் 'கதாரிபே' என்பார்கள். தலைமுறைக்குத் தலைமுறை சொல்லிக் கடத்துபவர் என்ற பொருளுள்ள பழைய சொல். தன்னார்வலர்கள்தான். தாங்களே சொல்ல முன்வந்தவர்கள், கூச்சம் வேண்டாம். ஆனால் கேள்வியில் கவனம் வேண்டும். "அப்போது எப்படி உணர்ந்தீர்கள்?" என்று கேட்காதீர்கள். அது புண்படுத்தும் என்பதைவிட, அதற்கு அவரிடம் ஏற்கெனவே ஒரு பதில் தயாராக இருக்கும் என்பதுதான் காரணம். முப்பது ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான முறை சொன்ன கதை ஆற்றுக் கல் போல வழவழப்பாகிவிடும். முதல், நடு, முடிவு எல்லாம் அமைந்துவிடும். அது பொய்யாகிவிடாது, ஆனால் நீங்கள் அதைப் பிரசுரத்திலேயே படித்துக்கொள்ளலாம்.

சின்னச் சின்னப் பொருளைப் பற்றிக் கேளுங்கள். வெளியே வந்தபோது காலில் என்ன இருந்தது? (கண்ணாடித் துண்டு பரவிய இருட்டில் வெறுங்காலோடு வெளியே வந்தவர்கள் பலர். படுக்கையருகே காலணி வைத்துக்கொள்ளும் பழக்கம் அதன் பிறகு வந்தது.) முதல் தண்ணீர் எங்கே கிடைத்தது? கழிப்பறைக்கு என்ன செய்தீர்கள்? முகாமில் உங்கள் பக்கத்தில் படுத்தவர் யார், பிறகு அவர் எங்கே போனார்? இப்படிக் கேட்டால் அவர் ஒரு கணம் யோசிப்பார். அந்த யோசனையில்தான் மெருகு ஏறாத நினைவு வெளியே வரும். கழிப்பறை பற்றிக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. முகாமில் கழிப்பறைக்குப் போக அஞ்சித் தண்ணீர் குடிப்பதைக் குறைத்து நோயில் விழுந்த முதியவர்களை அவர்கள் கண்ணால் பார்த்திருப்பார்கள், அதைச் சொல்லவே விரும்புவார்கள்.

பேச்சு பெரும்பாலும் ஜப்பானிய மொழியில். ஆங்கிலம் பேசும் தன்னார்வலர்களும் உண்டு. என்றைக்கு, எத்தனை மணிக்கு என்பதை முன்னதாகவே மையத்திடம் எழுதிக் கேட்டுவிடுங்கள். அன்று போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் நடக்காது. கைப்பேசியில் பதிவு செய்வதற்கு முன்னால் அனுமதி கேளுங்கள். மகளே ஒரு கேள்வி கேட்கட்டும். பெரியவர்களுக்குச் சொல்லும்போது தொகுத்துச் சொல்பவர்கள், பிள்ளைகளுக்குச் சொல்லும்போது கையால் காட்டிச் சொல்வார்கள்.

அவரிடம் நேரம் இருந்தால் தற்காலிக வீடுகளைப் பற்றிக் கேளுங்கள். கோபேயின் நினைவில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும், எனக்கு மிக முக்கியமாகப் படுவதும் அதுதான். கோபே அடங்கிய ஹியோகோ மாகாணத்தில் 48,300 தற்காலிக வீடுகள் கட்டினார்கள். முதியவர்களுக்கும் உடல் நலம் குன்றியவர்களுக்கும் முன்னுரிமை, மற்றபடி சீட்டுக் குலுக்கல். நியாயமான ஏற்பாடாகத்தான் தோன்றும். விளைவு வேறு. ஒரே தெருவில் நாற்பது ஆண்டு வாழ்ந்தவர்கள் நகரின் ஓரங்களில் திசைக்கொருவராகப் பிரிந்தார்கள். முதியவர்கள் முதியவர்களோடு மட்டும், ஒருவரை ஒருவர் அறியாமல். கடைசிக் குடும்பம் 2000 ஜனவரியில் வெளியேறும்வரை 233 பேர் அந்த வீடுகளில் யாருக்கும் தெரியாமல் தனியாக இறந்து கிடந்தார்கள். தனிமைச் சாவு என்பதற்கான 'கொதொகுஷி' என்ற சொல் ஜப்பானில் பரவலாகப் புழங்கத் தொடங்கியது இதற்குப் பிறகு. 2004இல் நீகாத்தாவில் நிலநடுக்கம் வந்தபோது மலைக் கிராம மக்களை ஊர் ஊராகச் சேர்த்தே குடியமர்த்தினார்கள். பாடம் படிக்கப்பட்டது. ஆனால் அந்த 233 பேரின் பொருள் என்று கண்ணாடிப் பெட்டியில் வைக்க எதைக் கொடுப்பது, யார் கொடுப்பது?

பொருளுக்குப் பக்கத்தில் இருக்கும் விளக்க அட்டையைப் பற்றியும் ஒரு சொல். வடகிழக்குக் கடலோர நகரமான கெசென்னுமாவில் ரியாஸ் ஆர்க் என்ற கலை அருங்காட்சியகம் 2013இலிருந்து 2011 பேரிடருக்கென நிரந்தரக் காட்சி ஒன்று வைத்திருக்கிறது. சுனாமிக்குப் பிறகு குவிந்து கிடந்ததை நாடே 'கரேகி', அதாவது இடிபாட்டுக் குப்பை, என்று சொன்னபோது அவர்கள் அந்தச் சொல்லை ஏற்கவில்லை. நேற்றுவரை ஒருவரின் வீடும் அடுப்புமாக இருந்ததைக் குப்பை என்பதா என்று கேட்டு, 'ஹிசாய்புத்சு', பேரிடருக்கு உள்ளான பொருள், என்று புதிதாக ஒரு சொல்லை வைத்தார்கள். சோறாக்கும் மின்பானையின் பக்கத்திலும் பொம்மையின் பக்கத்திலும் இருக்கும் அட்டையில், அதன் சொந்தக்காரர் பேசுவது போலவே வட்டார வழக்கில் சில வரிகள். அவை அருங்காட்சியகத்தார் எழுதிய புனைவு. அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. இது சரியா என்று வாதிடலாம். எனக்கு அரை மனதுதான். பார்ப்பவர் தன் வீட்டை நினைத்துக்கொள்ள அது உதவுகிறது, ஆனால் சாட்சியத்தையும் புனைவையும் ஒரே எழுத்துருவில் வைப்பது ஆபத்தும்கூட. எங்கே போனாலும் அட்டையைப் படிக்கும்போது, இது கொடுத்தவர் சொன்னதா, காட்சி அமைத்தவர் சொன்னதா என்று பிரித்துப் பாருங்கள்.

பேசுபவரின் நினைவையும் நிறுவனம் தொகுக்கும். 2020இல் புகுஷிமாவின் ஃபுதாபாவில், நிலநடுக்கத்துக்கும் அணு உலை விபத்துக்குமான நினைவு அருங்காட்சியகம் திறந்தபோது, குறிப்பிட்ட அமைப்புகளை விமர்சிக்க வேண்டாம் என்று அங்கே பேசுபவர்களைக் கேட்டுக்கொண்டது ஜப்பானியச் செய்தித்தாள்களில் வெளிவந்து சர்ச்சையானது. பேசுபவர் எதைத் தவிர்க்கிறார் என்பதையும் கேட்கத் தெரிய வேண்டும்.

உங்கள் மூன்றாவது கேள்வியை நீங்கள் இவ்வளவு நினைத்துக் குழம்பத் தேவையில்லை. அந்த மையம் வருவோருக்காகவே கட்டியது. பேசுபவர்கள் ஆள் வராத நாளில்தான் வருந்துவார்கள். கூச்சப்பட வேண்டிய இடங்கள் வேறு. கெசென்னுமாவில் 330 டன் மீன்பிடிக் கப்பல் ஒன்று ஊருக்குள் வந்து நின்றது. நினைவாக வைக்கலாம் என்று நகர நிர்வாகம் நினைத்தது. குடியிருந்தவர்களிடம் கேட்டபோது பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள், தினமும் அதைக் கடந்து போக வேண்டியவர்கள் அவர்கள்தானே. 2013இல் உடைத்து அகற்றினார்கள். அது நிற்கும்போது அதன் முன்னால் சிரித்தபடி படம் எடுத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். உங்கள் கேள்வி அவர்களுக்கு உரியது.

இனி அந்த ஒரு நாளை எப்படி அமைப்பது. மையம் வழக்கமாகத் திங்கட்கிழமை மூடியிருக்கும். காலை 9:30க்குத் திறக்கும். பெரியவர்களுக்குக் கட்டணம் 600 யென், பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசம். கிளம்பும் முன் அவர்களுடைய இணையதளத்தில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒசாகாவிலிருந்து ஹன்ஷின் ரயில் தடத்தில் வந்தால் இறங்க வேண்டியது இவாயா, அங்கிருந்து கடலை நோக்கிப் பத்து நிமிட நடை. ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) தடத்தில் வந்தால் நாதா. இரண்டிலும் விரைவு வண்டிகள் நிற்காது. பலர் விரைவு வண்டியில் ஏறிச் சன்னோமியா வரை போய்த் திரும்பி வருகிறார்கள். ஜே.ஆரில் அஷியாவில் இறங்கிச் சாதாரண வண்டிக்கு மாறுங்கள். திறந்த உடனே நுழைந்தால் பள்ளிக் கூட்டங்களுக்கு முந்திக்கொள்ளலாம். மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அதில் முக்கால் மணி நேரமாவது இரண்டாம் தளத்துக்கு. கூடுதல் நேரம் இருந்தால் ஐந்தாம் தளத்தில் ஆவண வாசிப்பு அறை இருக்கிறது, புகைப்படத் தொகுப்புகளைப் பார்க்க மொழி தேவையில்லை.

அவாஜித் தீவின் நோஜிமா நிலப்பிளவு அருங்காட்சியகத்தையும் அதே நாளில் சேர்க்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். சேர்க்காதீர்கள். தீவுக்குப் பேருந்தில் போய்வரவே அரை நாள் ஓடிவிடும். இன்னொரு பயணத்தில் அதற்கு மட்டும் போங்கள். 140 மீட்டர் நீளத்துக்கு அன்று நிலம் கிழிந்ததைக் கூரை போட்டு அப்படியே காத்து வைத்திருக்கிறார்கள். பிளவு ஒரு வீட்டு மனையை அறுத்துக்கொண்டு போயிருக்கிறது, மதில் ஒரு மீட்டருக்கு மேல் விலகி நிற்கிறது. கான்கிரீட்டில் கட்டிய அந்த வீடு மட்டும் விழவில்லை. பிளவின் மேலேயே இருந்த வீடு நின்றது, கடலுக்கு அப்பால் கோபேயில் இருந்த ஓட்டு வீடுகள் விழுந்தன.

மதியத்துக்கு மேல் இவாயாவிலிருந்து மோட்டோமாச்சிக்கு வந்து மெரிகென் பூங்காவுக்கு நடந்து போங்கள். உடைந்த துறைமுக மேடையின் 60 மீட்டரை அன்றிருந்தபடியே விட்டிருக்கிறார்கள். கட்டணம் இல்லை, கதவும் இல்லை. கான்கிரீட் பாளங்கள் கடலுக்குள் சரிந்து கிடக்கும். விளக்குக் கம்பங்கள் வெவ்வேறு பக்கம் சாய்ந்து நிற்கும். பத்தடி தள்ளி மக்கள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். மகளைக் கம்பத்துக்கு நேராக நிற்க வைத்து, அது எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அவளையே கையால் அளந்து சொல்லச் சொல்லுங்கள்.